சிலந்திக்காக எழுதிய விதி

என் அக்கா குடியிருந்த சந்து ஸ்ரீராம்புரத்தின் பள்ளமான பக்கத்தில், ராஜகால்வாயை ஒட்டி இருந்தது. ராஜகால்வாய் என்பது காகிதத்தில் எழுதுகிற பெயர். சந்தில் அது வெறும் மோரி. மேட்டுப் பகுதிகளின் மழைத்தண்ணீரும் சாக்கடையும் கலந்து ஓடும் கால்வாய். எட்டடி ஆழம், இரண்டு பக்கமும் சுவர். அக்கா வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே அதுதான். மழை இல்லாத நாளில் அந்த ஜன்னலை யாரும் திறக்க மாட்டார்கள்.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். வாதம் வந்து இடது பக்கம் முழுதும் போய்விட்டது. அந்த ஒற்றை அறை வீட்டில் சுவரோரக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நாக்கு மட்டும் தப்பித்தது. "கை கால இழுத்துக்கினு போன வாதம் இந்த வாய மட்டும் எதுக்கு வுட்டுட்டுப் போச்சோ" என்று அக்கா அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சிரிப்பார்.

மழை வலுத்தால் அந்தச் சந்தில் ஒரு வேலை நடக்கும். அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் வந்து, மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய வேட்டியால் மார்போடு சேர்த்துக் கட்டி, இரும்புப் படி வழியாக மாடி வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். படி குறுகல். நாற்காலியைச் சாய்த்துச் சாய்த்து ஏற்ற இருபது நிமிடம் பிடிக்கும். மாடியில் குடியிருந்த கன்னடக்கார அம்மா தன் கட்டிலை ஒழித்துக் கொடுப்பார். மோரி நிரம்பினால் முதலில் தண்ணீர் புகுவது அக்காவின் வீட்டில்தான் என்பதால் இந்த ஏற்பாடு. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை, ஆனால் ஒரு மழையிலும் தவறியதில்லை.

எப்போது தூக்குவது என்பதை அக்காதான் சொல்வாள். கால்வாயின் எதிர்ச்சுவரில் ஒரு சிமெண்ட் குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். மழை பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்றுவிடுவாள். தண்ணீர் குழாய் வாயைத் தொட்டதும் சந்துக்கு ஓடிவந்து குரல் கொடுப்பாள். பெரும்பாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. குழாய் வாயைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிடும். அதற்குள் மாமா மாடியில் இருப்பார், நனைந்து, கட்டப்பட்டு, அடுத்தவர் வீட்டுக் கட்டிலில்.

அந்தத் தேவையில்லாத தூக்கல்கள்தான் அவரைக் கொன்று தின்றன. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மனுசன நாலு பேரு தூக்கறது ஒரே ஒரு தபாதான்டா இருக்கணும். என்ன இவங்க மழைக்கு மழை தூக்கறாங்க." கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவரை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வழி இருப்பதாக நினைத்தேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். பிரேசர் டவுனில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை. மழைநீர்க் கால்வாய்களில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கருவிகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் எங்கள் தொழில். அக்கா வீட்டருகே இருந்த நடைபாலத்துக்கு ஒரு கருவி ஒதுக்கப்பட்டபோது, வேறு ஆளை அனுப்ப விடாமல் நானே ஏணி வைத்து இறங்கி, பாலத்தின் அடிவயிற்றில் அதை முடுக்கினேன்.

அந்தக் கருவி தண்ணீரைத் தொடுவதில்லை. நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி, அது மோதித் திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும். அவ்வளவுதான். தண்ணீர் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. தனக்கும் தனக்குக் கீழே இருக்கிற ஏதோ ஒன்றுக்கும் நடுவே எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். காலியிடம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள். நாற்றம், நிறம், இரைச்சல், மிதந்துவரும் செருப்பு, வளையை விட்டு மேலே ஓடிவரும் பெருச்சாளி எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. அப்போது அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. இதே மோரியோரம் வளர்ந்த பையன் என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்த மோரியை நாற்றமில்லாத ஒரு எண்ணாக ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்ததில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

தண்ணீர் ஆறடியைத் தொட்டால் மாநகராட்சியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும். அந்தப் பட்டியலில் வெளியாள் நம்பர் சேர்க்கக் கூடாது. நான் அக்காவின் நம்பரைச் சேர்த்தேன்.

"இனிமே ஜன்னல்கிட்ட நின்னு சாக வேணாம்கா. ஏறுச்சுன்னா உனக்கு மெசேஜ் வரும்" என்றேன்.

அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமாதான் முந்திக்கொண்டார். "மெசேஜ் வந்தா தூக்குங்க. வரலைன்னா என்ன வுட்டுடுங்க. அவ்ளோதான் பேச்சு." அக்கா அவருக்காகத் தலையாட்டினாள். எனக்கு அது பெரிய வெற்றி.

முதல் இரண்டு மாதம் மானம் போனது. கருவியின் வாயில் ஒரு சிலந்தி வலை பின்னியது. பாலத்தடியில் நிழல், கீழே சாக்கடை, சாக்கடைக்கு மேலே கொசுக்கூட்டம். சிலந்திக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் கிடைக்காது. வலையில் பனி கோத்துக்கொண்டால் கருவி அனுப்பிய சத்தம் அதிலேயே மோதித் திரும்பிவிடும். காலியிடம் இல்லை, எனவே கால்வாய் நிரம்பிவிட்டது என்று கருவி முடிவு கட்டும். ஒரு காலை சுளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு வெள்ள எச்சரிக்கை போனது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஆட்களைக் கூப்பிட்டாள். நால்வரும் மாமாவைப் பாதிப் படி ஏற்றிய பிறகுதான் ஒருவர் எட்டி மோரியைப் பார்த்தார். முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. சந்தே சிரித்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், நான் போனபோதும் திரும்பவில்லை. இது மறுபடியும் ஒருமுறை நடந்தது.

வாரா வாரம் ஏணியில் இறங்கித் துணியால் துடைத்தேன். அடுத்த வாரம் வலை அங்கேயே இருக்கும். எத்தனை சிலந்தியை நசுக்கினேன் என்று எனக்கே தெரியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் எங்கள் மேனேஜருக்குப் புகார். "ஒரு பூச்சிய உன்னால சரி பண்ண முடியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு வந்த ரோஷத்தில் உட்கார்ந்து பழைய அளவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் படிப்படியாக ஏறுகிறது. சிலந்தி ஒரே தாவலில் ஏறுகிறது.

பேட்டரி தாங்க வேண்டும் என்பதற்காகக் கருவி கால் மணிக்கு ஒரு முறைதான் அளக்கும். பழைய மழைகளில் எதிலும் கால் மணியில் தண்ணீர் இரண்டடிக்கு மேல் ஏறியிருக்கவில்லை. எனவே ஒரு விதி எழுதினேன். கடைசியாகக் கிடைத்த நல்ல அளவிலிருந்து இரண்டடிக்கு மேல் தாவினால் அது தண்ணீர் இல்லை, பிழை. அதை ஒதுக்கிவிட்டு, அந்த நல்ல அளவையே திரையில் நிறுத்தி வை. மொத்தம் நான்கு வரி. மேனேஜர் முதுகில் தட்டினார். அந்த விதியை எங்கள் எல்லாக் கருவிகளிலும் போடச் சொன்னார். ஆபீசில் அதற்குச் சிலந்தி விதி என்றே பெயர்.

அந்த வருட மழையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பொய் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. ஒருமுறை மெய்யாகவே மெசேஜ் வந்தது. மாமாவை ஏற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். "டிப்ளமோ படிச்சது வீண் போகல" என்று மாமா மாடியிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார். அக்கா ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். மழை பெய்தாலும் சமையல் நடந்தது. ஒரு மனுஷியைக் காவல் வேலையிலிருந்து விடுவித்துவிட்டதாக நான் நினைத்தேன். அவள் பார்த்த பார்வைக்குப் பதிலாக எதை வைத்திருக்கிறேன் என்று நினைக்கவில்லை.

இதற்கிடையில் மோரியின் மேற்பகுதி மாறிக்கொண்டிருந்தது. கால்வாயின் மண்தரையைத் தோண்டி எடுத்து காங்கிரீட் போட்டார்கள். மேட்டில் மரம் நின்ற மனைகள் அடுக்குமாடிகளாயின. வாசலில் மிச்சமிருந்த மண்ணையும் சிமெண்ட் கல் பாவி மூடினார்கள். வேறு கருவிகளைத் துடைக்கப் போகும்போது இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். முன்பு மண் குடித்து, மரம் குடித்து, மிச்சம்தான் நிதானமாக இறங்கி வந்தது. இனி விழுகிற மழை அத்தனையும் அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நான் எழுதிவைத்த விதி பழைய தண்ணீரைப் பற்றியது. எழுதி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தத் தண்ணீரை இந்த ஊர்க்காரர்கள் நாங்களே இல்லாமல் செய்துவிட்டோம். இதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்கு நான் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்துவிட்டுப் போனேன்.

அது கோடையின் கடைசி. மதியம் மூன்றரை மணிக்கு மேல் ஸ்ரீராம்புரத்தில் ஆலங்கட்டியோடு மழை கொட்டியது. பிரேசர் டவுனில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. இந்த ஊர் மழை அப்படித்தான், ஒரு பேட்டையை மூழ்கடித்துவிட்டு அடுத்த பேட்டையைக் காயவிடும். என் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். பின்னால் தகரத்தில் கல் விழும் சத்தம்.

"டேய், உன் மெசேஜ் ஒண்ணும் வரலையே. தண்ணி குபுகுபுன்னு ஏறுதுடா. குழா வாய் மூழ்கிடுச்சு."

திரையைப் பார்த்தேன். நடைபாலம்: ஒன்றே முக்கால் அடி. பச்சை.

"இங்க ஒண்ணே முக்கால் அடிதான்கா காட்டுது. உங்க பக்கம் குப்பை அடைச்சிருக்கும். அங்க மட்டும் தேங்கி நிக்கும்."

"நான் கண்ணால பாத்துக்கினு இருக்கேன்டா."

"மேலேர்ந்து பாத்தா அப்டித்தான் தெரியும். ஆறடி வந்தா தன்னால மெசேஜ் வரும். சும்மா சும்மா மாமாவ தூக்கி அலைக்கழிக்காத."

மாமாவின் குரல் கேட்டது: "அவன் இன்னா சொல்றான்?" அக்கா அவரிடம் சொன்னாள்: "ஒண்ணுமில்லையாம்." போனை வைத்துவிட்டாள்.

ஒதுக்கிய அளவுகளைப் பார்க்க இன்னொரு பக்கம் உண்டு. ஒரு சொடுக்கு போதும். நான் சொடுக்கவில்லை. அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அதுதான் உண்மை. அக்காவின் குரலில் இருந்த பயத்தைக் கேட்டேன். அதைப் பயம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன், தகவல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வெயிலில் துடைத்துத் துடைத்துச் சிலந்தியை ஒதுக்கியது போலவே அவளையும் ஒதுக்கினேன்.

பதினைந்து நிமிடம் கழித்து மாடி வீட்டு அம்மாவின் போன். "பேக பன்னி, பேக பன்னி" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினார். சீக்கிரம் வாருங்கள் என்பதைத் தவிர அவர் வாயில் வேறொன்றும் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாதி வழி வரை ரோடு காய்ந்தே கிடந்தது.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கல்மழைக்குப் பயந்து எல்லோரும் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார்கள். சந்து அக்காவின் குரலுக்காகக் காத்திருந்தது. அக்கா என் மெசேஜுக்காகக் காத்திருந்தாள். மோரி சுவரைத் தாண்டியதும் பின்ஜன்னல் பெயர்ந்து விழுந்து தண்ணீர் உள்ளே பாய்ந்திருக்கிறது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. தண்ணீர் அழுத்திக்கொண்டதால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியவில்லை. அக்கா ஒற்றையாளாக மாமாவின் தலையைத் தன் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாற்காலியும் வேட்டியுமாக நான்கு பேர் செய்கிற வேலை அது. கதவை உடைத்து அவளை இழுத்தபோதும் அவள் அவருடைய பனியனை விடவில்லை. பனியன் மட்டும் கிழிந்து அவள் கையோடு வந்தது.

இரண்டாம் நாள் ஆபீஸுக்குப் போய், சொடுக்காமல் விட்ட பக்கத்தைத் திறந்தேன். கருவி ஒன்றும் தவறு செய்யவில்லை. மூன்றே முக்கால் மணிக்கு நான்கரை அடி. நான்கு மணிக்கு ஆறரை. நான்கே காலுக்கு எட்டு. அத்தனையும் சரியாக அளந்து, நேரம் போட்டு அனுப்பியிருந்தது. ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் நான் எழுதிய விதி, பிழை என்று குறித்திருந்தது. முதல் தாவலே இரண்டடியைத் தாண்டிவிட்டதால், அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும் விதி பழைய ஒன்றே முக்கால் அடியோடு ஒப்பிட்டுப் பிழை ஆக்கிவிட்டது. தண்ணீர் வடிந்து பழைய அளவுக்குத் திரும்பும்வரை திரை பச்சையாகவே இருந்திருக்கிறது.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "உன் வீட்டுத் துக்கம்னு எனக்குத் தெரியும். ஆனா கருவி வேலை செஞ்சுது இல்ல? விசாரணை அறிக்கைல அத மட்டும் எழுது" என்றார். எழுதினேன். கருவி இயங்கிக்கொண்டிருந்தது என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எதிர்பாராத கனமழை என்று விசாரணை முடிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வாழை இலை வாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தபோது, மாமாவை வழக்கமாகத் தூக்கும் நால்வரில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். நாற்காலியின் முன்கால் எப்போதும் அவர் பிடியில்தான் இருக்கும். கண் கலங்கியிருந்தது. "கோச்சுக்காதப்பா. ஆனா உங்கக்கா அன்னிக்கு அந்த நேரத்துல தூங்காம இருந்திருந்தா நாங்க தூக்கியிருப்போம்" என்றார்.

"தூங்கினாளா? யார் சொன்னது?"

"உங்கக்காவேதான் சொல்லிச்சு. விசாரிக்க வந்த ஆபீசர்கிட்டயும் அதான் சொல்லிச்சு. மத்தியானம் கண்ணசந்துட்டேன்னு."

காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு அக்காவிடம் கேட்டேன். அவள் மாடி வீட்டில், கன்னடக்கார அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்கா அப்டி சொன்ன?"

"பின்ன இன்னான்னு சொல்றது? மெசேஜ் வரும்னு உக்காந்திருந்தேன்னு சொன்னா, எவன் அனுப்பற மெசேஜுன்னு கேப்பாங்க. என் நம்பர நீதான் திருட்டுத்தனமா போட்டே. தூங்கிட்டேன்னு சொன்னா என்ன மட்டும் ஏசுவாங்க, அதோட போவும்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சிலந்தியைப் பற்றி, விதியைப் பற்றி, ஒதுக்கிவைத்த அளவுகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலில் விழுந்துவிட வேண்டும் போலிருந்தது. விழவில்லை, அந்தத் தைரியமும் இல்லை. கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தண்ணி ஏறுனது அந்த டப்பாக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரிஞ்சிருந்துதுக்கா."

அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ கணக்கு புரியாதவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

"அதுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரிஞ்சிருக்கு. உனக்கு மட்டும்தான்டா தெரியல."

அந்த விதியை எல்லாக் கருவிகளிலிருந்தும் எடுத்துவிட்டேன். வேலையில் இன்னும் இருக்கிறேன். அக்கா இப்போது இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறாள். நான் போனால் சோறு போடுகிறாள், முன்போலவே பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் நடந்ததைச் சந்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புகிறேன். தெருக்குழாயில் அவள் குடம் வைத்ததும் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவதைப் பார்க்கிறேன். வாய் திறக்காமல் திரும்பி வருகிறேன். புருஷன் மூழ்கும்போது தூங்கிக்கொண்டிருந்தவள் என்றுதான் அந்தச் சந்துக்கு இன்றுவரை அவளைத் தெரியும்.